நான்காவது கட்டம்

அந்தப் பட்டியல் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு திங்கட்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு வந்தது. நான் அப்போது தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில், ஒரு கண்டெய்னருக்கான சுங்கத் தாள்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் அங்கிருந்து தெற்கே, கடலோரத்தில். ஊரில் பாதிப் பேருக்கு மேல் அந்தக் குழுவில் உண்டு. காற்று எச்சரிக்கை, பூசை நேரம், இன்னார் இறந்துவிட்டார் அடக்கம் நாலு மணிக்கு, தண்ணீர் லாரி இன்றைக்கும் வரவில்லை, ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம் எல்லாம் அதில்தான் வரும். அன்றைக்கு வந்தது ஒரு பிடிஎஃப். 'மருத்துவ முகாம் விவரம்' என்று போட்டிருந்தது. வேலைக்கு நடுவே சும்மா திறந்தேன்.

நான்கு கட்டங்கள். பெயர், அன்பியம், போன் நம்பர், நோய். அன்பியம் என்றால் அக்கம்பக்கத்து வீடுகளைச் சேர்த்துப் பங்கில் வகுத்திருக்கும் சிறு குழு. அது தெரிந்தால் வீடு தெரிந்துவிடும். பதினேழாவது வரிசையில் நான். நான்காவது கட்டத்தில் ஒரே ஒரு வார்த்தை, எழுத்துப்பிழைகூட இல்லாமல்.

அந்த வார்த்தையை இங்கே எழுதப் போவதில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாந்ததாகச் சொல்லாதீர்கள். ஒட்டிக்கொள்கிற நோய் இல்லை. காலையில் ஒரு மாத்திரை, சாயங்காலம் ஒரு மாத்திரை. பல வருடமாகக் கட்டுக்குள் இருக்கிறது. கல்யாணம் செய்யலாம், பிள்ளை பெறலாம் என்று டாக்டர் எழுதியே கொடுத்திருக்கிறார். ஆனால் எங்கள் பக்கம் அந்தப் பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார்கள். அவ்வளவு தெரிந்தால் போதும்.

இத்தனைக்கும் அந்த முகாமுக்கு நான் எனக்காகப் போகவில்லை. அம்மாவுக்குக் கண் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனேன். நகரத்திலிருந்து ஒரு அறக்கட்டளை வந்து பங்குப் பள்ளிக்கூடத்தில் நடத்தியது. வாசலில் மேசை போட்டு ஒரு பெண் பெயர் பதிந்துகொண்டிருந்தாள். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை. அம்மாவின் விவரத்தை எழுதி முடித்துவிட்டு, துணைக்கு வந்தவர்களையும் பதிகிறோம் என்று என்னையும் கேட்டாள். வழக்கமாக ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா, எதற்கு? டாக்டர் இருக்கிற இடத்தில் பொய் சொல்லக்கூடாது என்று வளர்ந்தவள் நான். சொன்னேன். எதற்காக எழுதுகிறாய், யாரிடம் கொடுப்பாய் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய அசட்டுத்தனம் அந்த அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது.

குழுவில் அதைப் போட்டவர் எனக்கு மாமா முறை. சொந்தமாக இரண்டு மீன்பிடி லாஞ்சு வைத்திருப்பவர், பங்குப் பேரவையில் இருப்பவர், முகாமுக்கு ஓடியாடி வேலை பார்த்தவர். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. பட்டியலுக்குக் கீழே, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவரவர் ரிப்போர்ட்டையும் மாத்திரையையும் வாங்கிக்கொள்ளவும் என்று எழுதி, கைகூப்புகிற படம் வேறு போட்டிருந்தார். ஊருக்கு நல்லது செய்கிறவர்களிடம் மாட்டிக்கொண்டால் தப்பிப்பது கஷ்டம்.

இப்போது என் நிலைமையைச் சொல்ல வேண்டும். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி, இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மைக்கில் அறிவிப்பார்கள். இன்னார் மகனும் இன்னார் மகளும் மணமுடிக்க இருக்கிறார்கள், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கவும். அதைத்தான் ஓலை வாசிப்பது என்போம். பெண்ணின் ஊரிலும் வாசிப்பார்கள், மாப்பிள்ளையின் ஊரிலும் வாசிப்பார்கள். மாப்பிள்ளை மணப்பாட்டுக்காரர், கப்பலில் வேலை, விடுமுறையில் வந்திருந்தார். மூன்றாம் ஓலைக்கு ஆறு நாள் இருந்தது.

அவரிடம் என் நோயைப் பற்றி நான் மூன்றாவது தடவை போனில் பேசும்போதே சொல்லிவிட்டேன். யாரும் கேட்காமல் நானாகச் சொன்னேன். மாத்திரைக்கு நேரம் என்ன என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி அவ்வளவு பிடித்திருந்தது. அந்த நிமிடத்திலிருந்து அந்த மனிதரை எனக்குப் பிடித்துவிட்டது, இதைச் சொல்ல இப்போதும் எனக்கு வெட்கமில்லை. அவருடைய அம்மாவிடம் கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு பேருமாகப் போய், நேரில் உட்கார்ந்து, டாக்டர் எழுதிய தாளையும் காட்டிச் சொல்வது என்று முடிவு செய்திருந்தோம். அந்த வாரம் சனிக்கிழமை போவதாக இருந்தது.

பட்டியலுக்குச் சனிக்கிழமை வரை பொறுமை இல்லை. எங்கள் ஊரில் பெண் எடுத்தவர்கள், பெண் கொடுத்தவர்கள் என்று மணப்பாட்டுக்கும் எங்களுக்கும் ஏகப்பட்ட தொடர்பு. பதினொன்றரைக்கு எங்கள் குழுவில் ஏறியது, இரண்டு மணிக்கு அவருடைய அம்மாவின் கையில் இருந்தது. நான் அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் என் அம்மாவுக்கு ஒன்பது பேர் போன் செய்திருந்தார்கள். எல்லோரும் ஆறுதல் சொல்லத்தான் செய்தார்களாம். ஆறுதல் சொல்லிவிட்டு, எத்தனை வருஷமா இருக்கு என்று கேட்டார்களாம்.

சாயங்காலம் மாப்பிள்ளை கூப்பிட்டார். அவருடைய அம்மா சாப்பிடவில்லையாம். என்னைத் திட்டவில்லையாம், மகனைத்தான் திட்டினாராம். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் மெதுவாகச் சொன்னார்.

"லிஸ்ட்டுல மாறிப் போச்சுன்னு உங்க மாமாவ ஒரு வார்த்த சொல்லச் சொல்லு. அம்மா நம்பிருவாவ."

வேடிக்கை என்னவென்றால், மறுநாள் காலையில் மாமாவே அதே யோசனையோடு வீட்டுக்கு வந்தார். பட்டியலால் கல்யாணம் கெடப் போகிறது என்று யாரோ சொல்லி, மனிதர் உண்மையிலேயே பதறிப் போயிருந்தார். கம்ப்யூட்டரில் ஒரு வரிசை கீழே இறங்கிவிட்டது, அது மேலே இருப்பவருடையது என்று குழுவில் போட்டுவிடுகிறேன் என்றார். அம்மா முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் உயிர் வந்தது. எனக்கு மேலே, பதினாறாவது வரிசையில் இருந்தவள் எங்கள் தெருவிலேயே தையல் வேலை செய்கிறவள். அவளுக்கும் கல்யாணம் ஆகவில்லை. அவள் பெயரை நான் சொன்னதும் மாமா, அப்படின்னா கீழே இருக்கிறவருடையதென்று போடலாம், அவர் கிழவர்தானே என்றார். உதவி செய்யத்தான் பார்த்தார். எனக்கு வந்த கோபத்தில் அவருக்குக் காப்பி போட உள்ளே போன நான் போடாமலே திரும்பி வந்தேன்.

அன்றைக்கு அலுவலகத்தில் எனக்கு வேலையே ஓடவில்லை. கழிவறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். வந்து உட்கார்ந்தால் மேசையில் சீல் உடைந்து வந்த ஒரு கண்டெய்னரைப் பற்றிய தாள் கிடந்தது. எங்கள் தொழிலில் பெட்டியின் பூட்டில் நம்பர் போட்ட சீல் ஒன்று இருக்கும். அது உடைந்து வந்தால் எல்லாம் அப்படியே நின்றுவிடும். யார் உடைத்தது, எந்தத் துறைமுகத்தில், யார் கையெழுத்தில் என்று விசாரித்து முடிக்காமல் பெட்டி நகராது. அந்தப் பெட்டிக்குள் இருந்தது பிளாஸ்டிக் வாளி. 'உள்ளே இருந்தது வாளிதானே, வாளியை வாளி என்றுதானே சொன்னோம்' என்று ஒரு அதிகாரிகூட இதுவரை சொன்னதில்லை. பிளாஸ்டிக் வாளிக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்லையா என்று கேட்டுக்கொண்டேன். அதற்கப்புறம் அழுகை வரவில்லை.

எங்கள் அலுவலக விஷயமாக வந்துபோகும் வக்கீல் ஒருவரிடம் விசாரித்தேன். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது, தனிமனித விவரங்களுக்கென்று புதிதாகச் சட்டமும் வந்திருக்கிறது, அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நடைமுறைக்கு வரும் என்றார். விவரம் வாங்குகிறவர்கள் எதற்கு வாங்குகிறோம் என்று சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டுமாம். அழிக்கச் சொன்னால் அழிக்க வேண்டுமாம். அறக்கட்டளைக்குக் கடிதம் எழுதலாம், நானே பார்த்துத் தருகிறேன் என்றார். உங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கு இந்தச் சட்டம் எவ்வளவு தூரம் பாயும் என்பது எனக்கே சந்தேகம், ஊர்க்காரர்களை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சிரித்தார். சட்டம் மெல்ல வரட்டும். என் ஞாயிற்றுக்கிழமை வேகமாக வந்துகொண்டிருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் பங்கு அலுவலகத்தில் உட்கார்ந்தோம். சாமியார், மாமா, பேரவை ஆட்கள் இரண்டு பேர், நான். அப்பா வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். அவர் அந்த மாமாவின் லாஞ்சில் பல வருடம் கடலுக்குப் போனவர். உள்ளே வந்தால் யார் பக்கம் உட்காருவது என்று அவருக்குத் தெரியவில்லை.

எனக்கு மூன்றே விஷயம் வேண்டும் என்றேன். கேட்காமல் போட்டது தப்பு, எல்லோரும் அழித்துவிடுங்கள் என்று மாமா அதே குழுவில் தன் குரலில் சொல்ல வேண்டும். பட்டியலின் நகல் எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் அழிக்க வேண்டும். 'மாறிப் போச்சு' என்று யாரும் எங்கேயும் சொல்லக்கூடாது.

மாமாவுக்கு அது புரியவே இல்லை. அவருக்குத் தெரிந்த தப்பு ஒன்றே ஒன்றுதான், பொய் சொல்வது.

"நாங்க என்ன இல்லாததையா போட்டுட்டோம்? இருக்கதத்தானேளா போட்டோம்."

"இருக்கதுதான் மாமா. அதுனாலதான் அது என்னுது."

பேரவைக்காரர் ஒருவர், ஓலையையே மைக்கில் வாசிக்கிற ஊரில் இது என்ன புதுப் பழக்கம் என்றார். ஓலை எழுதிய அன்றைக்கு இதே அறையில் சாமியார் எங்கள் இரண்டு பேரையும் தனித்தனியாக உட்காரவைத்து, உன் சொந்த விருப்பம்தானா என்று கேட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் வாசித்தார் என்று சொன்னேன். தடை ஏதும் தெரிந்தால்கூட அதைச் சாமியாரின் காதில்தான் சொல்ல வேண்டுமே தவிர மைக்கைப் பிடித்துச் சொல்ல முடியாது என்றும் சொன்னேன். சாமியார் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கே அது அப்போதுதான் தோன்றியிருக்க வேண்டும். ஆனாலும், போகட்டும்மா, மன்னித்துவிடு என்றார்.

"மன்னிச்சிருதேன் சாமி. அழிச்சப்புறம்."

மாமா இன்னும் அசையவில்லை. நமக்குள்ளே என்ன மறைவு, ஒரே ரத்தம், ஒரே ஊர், மறைத்து என்ன ஆகப் போகிறது என்று பேசிக்கொண்டே போனார். எனக்கு அவருடைய ஜி.பி.எஸ். ஞாபகத்துக்கு வந்தது.

எங்கள் கடலுக்கடியில் பாறைத் திட்டுகள் உண்டு. பார் என்போம். ஒரு காலத்தில் முத்துக் குளித்த இடங்கள், இப்போது மீன் கூடுகிற இடங்கள். எந்தப் பாரில் எந்த மாதம் என்ன கிடைக்கும் என்பதை ஒவ்வொருவரும் வருடக்கணக்காக அலைந்து கண்டுபிடித்து, லாஞ்சில் இருக்கும் ஜி.பி.எஸ். பெட்டியில் பாயிண்ட் போட்டு வைத்திருப்பார்கள். சொந்த மருமகனுக்கும் காட்டமாட்டார்கள். மாமாவின் பெட்டி ஒரு தடவை பழுதானபோது அவரே மடியில் வைத்து நகரத்துக்குக் கொண்டுபோய், கடைக்காரர் திருகாணியைக் கழற்றியது முதல் மாட்டியது வரை பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாராம். டீ குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. திரையைப் போனில் படம் எடுத்தான் என்று ஒரு லாஞ்சு டிரைவரை நின்ற நிலையில் வேலையைவிட்டு அனுப்பினார். இதெல்லாம் அப்பா எங்களிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னவைதான்.

"மாமா, உங்க ரெண்டு லாஞ்சுல இருக்க பாயிண்ட் எல்லாத்தையும் குரூப்புல போடுங்க. அதுவும் உண்மதான. ஊருக்கு உபயோகப்படும்."

பேரவைக்காரர்கள் இரண்டு பேரும் லாஞ்சு வைத்திருப்பவர்கள். ஒருவர் தன் சட்டைப்பையிலிருந்த போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டதை நான் கவனித்தேன். மாமா என் முகத்தைப் பார்க்காமல், அது முப்பது வருஷப் பாடு என்றார். என்னுடையது முப்பத்தொரு வருஷப் பாடு என்றேன். எனக்கு அப்போது வயது முப்பத்தொன்று.

அவர் போனை எடுத்துப் பட்டியலை அழிக்கப் பார்த்தார். எல்லோருக்கும் அழிக்கிற நேரம் தாண்டிவிட்டது. உங்களுக்கு மட்டும் அழிக்கவா என்றுதான் அது கேட்டது. கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு மூன்று தடவை அழுத்திப் பார்த்தார். வலையைத் திரும்ப இழுக்க முடியாதவர் மாதிரி கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்த மனிதர் மேல் எனக்கு முதல் தடவையாக இரக்கம் வந்தது. பிறகு மைக் படத்தை அழுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார். முகாம் லிஸ்ட்டை யாரையும் கேட்காமல் போட்டது என் தப்பு, யார் போனில் இருந்தாலும் அழித்துவிடுங்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். அவ்வளவுதான். மாறிப் போச்சு என்று சொல்லவில்லை.

ஊரே அழித்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை. சிலர் அழித்தார்கள். சிலர் இதுவரை திறந்தே பார்க்காமல் இருந்து, அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் தேடிப் போய்த் திறந்தார்கள். பட்டியலில் இருந்த ஒருவர் வழியில் மறித்து, சும்மா இருந்திருந்தால் நாலு நாளில் மறந்திருப்பார்கள், கிளறிவிட்டுவிட்டாயே என்று சத்தம் போட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, நின்று கேட்டுக்கொண்டேன். தையல் வேலை செய்கிறவள் மட்டும் வீட்டுக்கு வந்து, தன் போனையும் தன் அம்மா போனையும் என்னிடம் நீட்டி, அழித்ததைக் காட்டிவிட்டுப் போனாள். என் நோயை அவள் தலையில் கட்ட மாமா பார்த்த கதை அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை மறுபடியும் கூப்பிட்டார். அம்மா இறங்கி வந்துவிட்டார், கல்யாணத்துக்குச் சம்மதம், ஒரே ஒரு காரியம்தான் என்றார். நான் சனிக்கிழமை வந்து, அந்த லிஸ்ட் பொய் என்று அவர் அம்மாவின் முன்னால் ஒரு தடவை சொல்ல வேண்டும்.

"ஒரே ஒரு தடவதான். அதுக்கப்புறம் யாரும் கேக்க மாட்டாவ. நமக்குள்ளேயே இருக்கும்."

அந்த 'நமக்குள்ளே' எனக்குச் சுருக்கென்று தைத்தது. நான் என் நோயை ஒளித்துவைக்கக் கேட்கவில்லை. சொல்ல வேண்டியவரிடம், சொல்ல வேண்டிய நேரத்தில், என் வாயால் சொல்வதற்கு எனக்கிருந்த உரிமையைத்தான் கேட்டேன். இவர் கேட்பது வேறு. அந்த ஒரு தடவைக்குப் பிறகு காலை மாத்திரையை அரிசிப் பானைக்குள்ளும் சாயங்கால மாத்திரையைக் குளியலறையிலும் ஒளித்துவைத்து விழுங்க வேண்டும். ஆயுள் முழுக்க, மாத்திரைக்கு நேரம் என்ன என்று கேட்ட அதே மனிதரின் வீட்டில்.

"உண்மைய உங்க அம்மாட்ட நானே சொல்லுதேன். பொய் சொல்ல வர மாட்டேன்."

அப்படியென்றால் கஷ்டம் என்றார். கஷ்டம்தான் என்றேன். அவர் போனை வைத்தார். அன்றைக்கு அழுததைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது எனக்கு வேண்டியவரை இழந்ததற்கு.

சனிக்கிழமை காலை பங்கு அலுவலகத்துக்குப் போய், மூன்றாம் ஓலையை வாசிக்க வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர்கள் நிறுத்தினார்கள் என்று ஊர் சொல்வதற்கு முன்னால் நான் நிறுத்திவிட வேண்டும் என்ற வீம்பும் அதில் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். சாமியார் காரணம் என்ன என்று எழுத வேண்டிய இடத்தைக் காட்டினார். வெறுமனே விடலாமா என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, விடு என்றார்.

ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதிலேயே நல்ல சேலையை உடுத்திக்கொண்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். அம்மா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, பாதிப் பூசையில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாமியார் வேறு இரண்டு ஜோடிகளின் ஓலையை வாசித்தார். மூன்றாவது ஜோடியின் பெயருக்காகக் கோயில் முழுவதும் காத்திருந்தது எனக்கு முதுகில் தெரிந்தது. அவர் தாளை மடித்துவைத்தார். நான் தலையைக் குனியவில்லை.

அறக்கட்டளையிலிருந்து பதில் வர இரண்டு மாதம் ஆனது. உங்கள் விவரங்கள் எங்கள் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன, வருந்துகிறோம் என்று இரண்டு வரி. இந்த வருடம் வேறு முகாம் வந்தபோது மாமா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். குழுவில் என்ன போட வேண்டும் என்று கேட்டார். டோக்கன் நம்பர் மட்டும் போடுங்கள் என்றேன். முகாம் அன்றைக்கு அவரே மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டு, எழுதுகிற பெண்ணிடம் இது எதுக்கு, அது எதுக்கு என்று கேட்டு உயிரை எடுத்தாராம். ஜி.பி.எஸ். கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்த அதே மனிதர்.

என் ஓலை வாசிக்கப்படாத அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தபோது, தூரத்து உறவில் அத்தை ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பட்டியலை அவள் பார்க்கவில்லையாம், அதற்குள் அழித்துவிட்டார்களாம். அவள் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

"அப்படி என்னதாம்ளா ஒனக்கு?"

என்னைச் சுற்றி நாலைந்து பேர் நடையை மெதுவாக்கினார்கள். அத்தையின் கையை நானும் பிடித்துக்கொண்டு, சொல்ல மாட்டேன் அத்தை என்றேன். அவள் முகம் சுண்டிப் போனது. இவ்வளவு தூரம் படித்து வந்த உங்களுக்கும் அதே கேள்வி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் அதே பதில்தான்.